கரண்டு போனாலும் பாட்டு நிற்காது!

கல்யாண வீடு. வரவேற்பு நடக்கிறது. மணமக்கள் மேடைக்கு வருகிறார்கள். டி.ஜே.காரர் பாட்டைத் தட்டிவிடுகிறார். சிறுவர்கள் ஆடுகிறார்கள். பெரியவர்கள் கை தட்டுகிறார்கள்.

திடீரென்று விளக்கு அணைகிறது. பாட்டு நிற்கிறது. கரண்டு போய்விட்டது!

"ஜெனரேட்டர் எங்கே?" என்று ஒருவர் கத்துகிறார். "அதற்கு டீசல் இல்லை" என்று இன்னொருவர் சொல்கிறார். இதற்குள் துடிப்பான வாலிபன் ஒருவன் ஒயரை எடுத்துக்கொண்டு, "தெருவில் பக்கத்து லயனில் கரண்டு இருக்கிறது, கம்பத்திலிருந்து இழுத்து விடுகிறேன்" என்று ஓடுகிறான்.

ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

பாட்டு அரை மணி நேரம் நின்றால் யாருக்கும் நஷ்டம் இல்லை. கொக்கி போட்டு மின்சாரம் எடுக்கப் போன பையன் கீழே விழுந்தால், அது கல்யாண வீடாக இருக்காது. துக்க வீடாகிவிடும்.

இதற்கு வழி என்ன? பாட்டரி! காரில் இருக்கிறது. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கிறது. இப்போது டி.ஜே. மேடைக்கும் வந்திருக்கிறது. ஆனால் பாட்டரியை எப்படிப் பயன்படுத்துவது, எவ்வளவு நேரம் தாங்கும், அதில் என்ன ஆபத்து என்பது பலருக்குத் தெரிவதில்லை. விழா நடத்தும் குடும்பத்தினரும், மைக் செட் தொழில் செய்பவர்களும் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

டி.ஜே. என்றால் என்ன?

முதலில் ஒரு சிறு விளக்கம். டி.ஜே. என்பது "டிஸ்க் ஜாக்கி" என்பதன் சுருக்கம். டிஸ்க் என்றால் இசைத்தட்டு. இசைத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி தெரியாமல் ஓட்டி, கூட்டத்தை ஆடவைப்பவர்தான் டி.ஜே.

அமெரிக்காவில் நியூயார்க் நகரில் பிராங்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. ஏழைகள் மிகுந்த பகுதி. 1973-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தில் ஒரு சிறு விருந்து நடந்தது. ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய கூல் ஹெர்க் என்ற வாலிபர், தன் தங்கை நடத்திய அந்த விருந்தில் இசைத்தட்டு ஓட்டினார். "ஹிப் ஹாப்" என்று இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கும் இசை அன்றுதான் பிறந்தது என்று சொல்வார்கள்.

பிறகு இந்த விருந்துகள் பூங்காக்களுக்கு வந்தன. பூங்காவில் மின்சாரம் ஏது? தெருவிளக்குக் கம்பத்தைத் திறந்து, அதிலிருந்து ஒயர் இழுத்தார்கள். ஆக, கம்பத்தில் கொக்கி போடும் வேலை நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. பாட்டுக்கு மின்சாரம் தேடும் கஷ்டம் எல்லா நாட்டுக்கும் பொது!

மாட்டு வண்டியில் வந்த பாட்டரி

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. கிராமங்களுக்கு மின்சாரம் வராத காலத்தை வயதானவர்கள் நினைத்துப் பார்க்கட்டும். திருவிழா என்றால் மைக் செட்டுக்காரர் டவுனிலிருந்து மாட்டு வண்டியில் வருவார். வண்டியில் புனல் குழாய்கள் இருக்கும். சாவி கொடுத்தால் சுற்றும் இசைத்தட்டுப் பெட்டி இருக்கும். அவற்றோடு கனமான கார் பாட்டரியும் இருக்கும். குழாயைத் தென்னை மரத்தில் கட்டுவார். ஊரே பாட்டுக் கேட்கும்.

இன்றும் தேர்தல் வந்தால் ஆட்டோவில் குழாய் கட்டிக்கொண்டு வருகிறார்களே, அதற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது? 12 வோல்ட் பாட்டரியிலிருந்துதான். கூட்டங்களுக்கென்று செய்யப்படும் ஆம்பிளிபயர்கள் பலவற்றின் பின்புறம் பார்த்தால், பாட்டரி இணைப்பதற்கென்று இரண்டு முனைகள் இருக்கும். ஒன்று சிவப்பு, மற்றொன்று கறுப்பு.

ஆகவே பாட்டரியில் பாட்டுப் போடுவது பழைய வித்தை. புதிய விஷயம் எது? அன்று ஒரு குழாய். இன்று மலை போல் அடுக்கிய பெட்டிகள்! அன்றைய பாட்டரிக் கணக்கு இன்றைக்குப் போதாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

பாட்டரியின் மேல் இரண்டு எண்கள் எழுதியிருக்கும். ஒன்று வோல்ட். மற்றொன்று ஆம்பியர்-மணி. இந்த இரண்டையும் பெருக்கினால், அந்தப் பாட்டரிக்குள் எவ்வளவு மின்சாரம் இருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதை வாட்-மணி என்று சொல்வார்கள். ஒரு வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட்-மணி செலவாகும்.

வீட்டு இன்வெர்ட்டரில் சாதாரணமாக இருக்கும் பாட்டரி 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. பன்னிரண்டை நூற்றைம்பதால் பெருக்கினால் 1,800 வாட்-மணி.

இது முழுவதும் நமக்குக் கிடைக்குமா? கிடைக்காது! ஈயப் பாட்டரியை முழுவதும் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறைந்துவிடும். கிணற்றில் பாதித் தண்ணீரை எப்போதும் விட்டுவைப்பதுபோல, பாதியைத்தான் எடுக்க வேண்டும். ஆக, மிச்சம் 900.

பாட்டரியில் இருப்பது நேர் மின்சாரம். ஸ்பீக்கருக்கு வேண்டியது வீட்டு மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது இன்வெர்ட்டர். மாற்றும்போது நூற்றுக்கு 15 வீதம் வீணாகிறது என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் கைக்கு வருவது 765 வாட்-மணி.

இனி செலவைப் பார்ப்போம். ஒரு பிறந்த நாள் விழா. நூறு பேர் இருக்கும் சிறிய மண்டபம். டி.ஜே.யின் கருவிக்கு 15 வாட். மடிக் கணினிக்கு 60 வாட். சின்ன எல்.இ.டி. விளக்குகளுக்கு 75 வாட். இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் "1,000 வாட்" என்று எழுதியிருக்கிறது.

அப்படியானால் ஸ்பீக்கர்களுக்கு மட்டும் 2,000 வாட் வேண்டுமா? வேண்டாம்! இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். பாட்டு என்பது ஒரே சீராக ஓடும் மோட்டார் அல்ல. மத்தள அடி விழும் கணத்தில் மட்டும் சக்தி மேலே பாயும். மறு கணம் இறங்கும். சராசரியாகப் பார்த்தால், எழுதியிருப்பதில் எட்டில் ஒரு பங்கு என்று நிபுணர்கள் கணக்கிடுகிறார்கள். அதாவது ஒரு பெட்டிக்கு 125 வாட். இரண்டுக்கும் 250 வாட்.

எல்லாவற்றையும் கூட்டினால் 400 வாட். 765-ஐ 400-ஆல் வகுத்தால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

ஆனால் இன்னொரு விஷயமும் உண்டு. ஈயப் பாட்டரியின்மேல் எழுதியிருக்கும் எண், மெதுவாக 20 மணி நேரம் எடுத்தால் கிடைக்கும் அளவு. வேகமாக எடுத்தால் அவ்வளவு தராது. மூன்று வருஷம் உழைத்த பாட்டரி இன்னும் குறைவாகத் தரும். ஆகையால் ஒரு பாட்டரிக்கு ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இரண்டு பாட்டரி இருந்தால் மூன்று மணி நேர விழாவைக் கவலையில்லாமல் நடத்தலாம்.

பெரிய பெரிய பாஸ் பெட்டிகளை அடுக்கி, ஊர்த் திடலில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு முன் நடத்தும் கச்சேரிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதற்குப் பெரிய ஜெனரேட்டரோ, மின் வாரியத்தின் தற்காலிக இணைப்போதான் வேண்டும். "இரண்டு பாட்டரியில் பத்தாயிரம் வாட் ஓட்டுவேன்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கையில் தூக்கும் பாட்டரி

ஈயப் பாட்டரியை 1859-ம் ஆண்டு பிளாண்டே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கண்டுபிடித்தார். இன்றும் அது மலிவானது. எங்கும் கிடைக்கும். ஆனால் கனம்! 150 ஆம்பியர்-மணிப் பாட்டரி ஏறக்குறைய 55 கிலோ. ஒரு மூட்டை அரிசியைவிடக் கனம். மாடியிலிருக்கும் மண்டபத்துக்கு அதைத் தூக்கிச் செல்லும் தொழிலாளியின் முதுகைக் கேளுங்கள்.

இதற்கு மாற்றாக வந்திருப்பது லித்தியம் பாட்டரி. அதில் பல வகைகள் உண்டு. மேடைக்கு ஏற்றது இரும்பு பாஸ்பேட் கலந்த வகை. 100 ஆம்பியர்-மணிப் பாட்டரி ஏறக்குறைய 12 கிலோதான். ஒரே ஆள் ஒரு கையில் தூக்கலாம். அதில் நூற்றுக்கு 80 பங்கு வரை எடுத்தாலும் பாட்டரி கெடாது. நாம் சொன்ன பிறந்த நாள் விழாவை அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடத்திக் கொடுக்கும். ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் ஏற்றலாம். விலைதான் அதிகம். ஆனால் ஈயப் பாட்டரியை இரண்டு தடவை மாற்றும் காலம்வரை அது உழைக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தப் பாட்டரியின் கதையில் ஒரு தமிழருக்கும் பங்கு உண்டு. லித்தியம் பாட்டரிக்காக 2019-ம் ஆண்டு மூன்று விஞ்ஞானிகளுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர்களில் ஒருவர் அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் குடினஃப். அப்போது அவருக்கு வயது 97! நோபல் பரிசு பெற்றவர்களிலேயே மிக மூத்தவர் அவர்தான். பரிசு பெற்றவர் ஒரு சொற்பொழிவு ஆற்ற வேண்டும் என்பது மரபு. குடினஃபின் சார்பில் ஸ்டாக்ஹோம் நகரில் அந்தச் சொற்பொழிவை ஆற்றியவர் ஆறுமுகம் மந்திரம். மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் டாக்டர் பட்டம் பெற்ற தமிழர் அவர்.

1980-களில் மந்திரமும் குடினஃபும் சேர்ந்து செய்த ஆராய்ச்சிதான் பிற்பாடு இரும்பு பாஸ்பேட் பாட்டரி வருவதற்கு வழிகாட்டியது. குடினஃப் தம் 100-வது வயதில், 2023-ம் ஆண்டு காலமானார். அடுத்த தடவை இந்தப் பாட்டரியைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். படிப்பில் ஆசை வரும்.

ஜெனரேட்டர் வேண்டாமா?

ஜெனரேட்டர் கெட்டது என்று நாம் சொல்லவில்லை. நீண்ட நேரத்துக்கும், பெரிய கூட்டத்துக்கும் அது தேவை. ஆனால் சிறு விழாவுக்கு அதில் தொல்லைகள் அதிகம்.

முதல் தொல்லை சத்தம். பாட்டுக்கு ஒரு சத்தம். ஜெனரேட்டருக்கு ஒரு சத்தம். இரண்டாவது செலவு. ஒரு சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒரு மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிக்கும்.

மூன்றாவது மிக மோசம்: புகை! அதில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கிறது. அதற்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. மூடிய அறையில் ஜெனரேட்டரை ஓட்டினால், அறையில் இருப்பவர்கள் தூங்குவதுபோல் மயங்கி, அப்படியே இறந்துபோவார்கள். மழை வருகிறது என்று ஜெனரேட்டரை மண்டபத்துக்குள்ளோ, மாடிப்படிக்குக் கீழோ கொண்டுவந்து வைப்பது கொலைக்குச் சமம்.

பாட்டரியில் இந்தப் புகை இல்லை. சத்தம் இல்லை. கரண்டு போனதும் உடனே கை கொடுக்கும்.

ஆனால் "உடனே" என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் மாறுவதற்கு நொடியில் நூற்றில் சில பங்கு நேரம் பிடிக்கும். மின்விசிறிக்கு அது தெரியாது. டி.ஜே.யின் கருவிக்குத் தெரியலாம். அது அணைந்து மறுபடி உயிர் பெறும்போது பாட்டு நின்றுவிடும். ஆகவே கருவிக்கும் கணினிக்கும் மட்டும் ஒரு சிறிய யு.பி.எஸ். பெட்டி வைத்துக்கொள்வது நல்லது. கம்ப்யூட்டர் சென்டர்களில் இருக்கிறதே, அதே பெட்டிதான்.

இன்வெர்ட்டரில் இரண்டு ரகம் உண்டு. "சைன் வேவ்" ரகம் மின் வாரியம் தரும் மின்சாரம் போலவே தரும். "ஸ்கொயர் வேவ்" ரகம் மலிவு, ஆனால் ஸ்பீக்கரில் 'கொர்' என்று இரைச்சல் கேட்கலாம், ஆம்பிளிபயர் சூடேறும். பாட்டுக்கு முதல் ரகத்தையே வாங்க வேண்டும்.

பாட்டரியிலும் ஆபத்து உண்டு!

"12 வோல்ட்தானே, தொட்டால் ஷாக் அடிக்காதே!" என்று அலட்சியமாக இருப்பவர்கள் உண்டு. பாட்டரியின் முனையைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்பது சரி. ஆனால் இன்வெர்ட்டரிலிருந்து வெளியே வருவது 230 வோல்ட். அது வீட்டு மின்சாரம் போலவே ஆளைக் கொல்லும். ஈரக் கையால் தொடக்கூடாது. ஒட்டுப்போட்ட ஒயரைப் புல்தரையில் இழுக்கக்கூடாது.

இரண்டாவது, தீ. 1,000 வாட் எடுக்கும்போது வீட்டு ஒயரில் நாலரை ஆம்பியருக்குள்தான் பாயும். அதே 1,000 வாட்டை 12 வோல்ட் பாட்டரியிலிருந்து எடுத்தால் 80 ஆம்பியருக்கு மேல் பாயும். மெல்லிய ஒயர் அடுப்புக் கம்பி போலச் சிவந்துவிடும்! பாட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே கைவிரல் தடிமனுக்கு ஒயர் வேண்டும். அது நீளமாக இருக்கக்கூடாது. பாட்டரிக்குப் பக்கத்திலேயே பியூஸ் இருக்க வேண்டும். பாட்டரியின் இரண்டு முனைகளுக்கும் மூடி வேண்டும். ஸ்பானர் ஒன்று தவறி இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் நெருப்புப் பொறி பறக்கும்.

மூன்றாவது, வாயு. ஈயப் பாட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அது வெடிக்கும் வாயு. சார்ஜ் ஏற்றும் இடத்தில் காற்றோட்டம் வேண்டும். அங்கே பீடி பற்றவைக்கக்கூடாது. பாட்டரியில் உள்ள அமிலம் கண்ணில் பட்டால் பார்வை போகும். பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

லித்தியம் பாட்டரிக்கு அதற்கென்று உள்ள சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும். உப்பிப்போன, நசுங்கிய பாட்டரியைத் தொடவே கூடாது. பழைய ஸ்கூட்டர்களிலிருந்து எடுத்த செல்களைப் பொறுக்கி, டேப் சுற்றி, "பாதி விலை" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அதை வாங்குவது, நெருப்பை மடியில் கட்டிக்கொள்வதுதான்.

செத்த பாட்டரியைக் குப்பையில் போடாதீர்கள். ஈயம் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே கெடுக்கும். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக அழிக்கவும், மறுபடி பயன்படுத்தவும் ஏற்பாடு செய்வது தயாரிப்பாளர்களின் கடமை என்று 2022-ம் ஆண்டில் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. புதியதை வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்துவிடுங்கள். விலையிலும் கொஞ்சம் குறைப்பார்கள்.

பத்து உயிர்கள்

இவ்வளவு ஜாக்கிரதை தேவையா என்று கேட்பவர்களுக்குச் சில சம்பவங்களைச் சொல்கிறோம்.

2022-ம் ஆண்டு ஜூலை 31-ந் தேதி இரவு. மேற்கு வங்காளத்தில் கூச் பிகார் மாவட்டம். சிவன் கோவிலுக்குச் செல்லும் பக்தர்கள் ஒரு வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். வேனின் பின்னால் ஜெனரேட்டர், அதிலிருந்து டி.ஜே. பெட்டிகளுக்கு ஒயர். வேன் முழுவதும் மின்சாரம் பாய்ந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். ஜெனரேட்டர் ஒயரில் ஏற்பட்ட கோளாறுதான் காரணமாக இருக்க வேண்டும் என்று போலீசார் முதல் விசாரணையில் கூறினார்கள்.

2023-ம் ஆண்டு ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் மீரட் நகருக்கு அருகே, டி.ஜே. பெட்டிகளை உயரமாக அடுக்கிய வண்டி உயர் அழுத்த மின் கம்பியில் பட்டது. ஐந்து பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் பீகாரில் ஹாஜிப்பூர் அருகே அதேபோல் டி.ஜே. வண்டி 11,000 வோல்ட் கம்பியில் பட்டு, எட்டுப் பேருக்குக் குறையாமல் இறந்தார்கள்.

வடநாட்டுச் சங்கதி என்று தள்ளிவிட முடியுமா? தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி விடியற்காலையில் தேர் மின் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டதை யார் மறக்க முடியும்?

கவனியுங்கள். கூச் பிகாரில் நடந்தது ஒயர் கோளாறு. நல்ல ஒயரும், பியூஸும், முறையான இணைப்பும் இருந்தால் அப்படிப்பட்ட விபத்துகளைத் தடுக்கலாம். மற்ற மூன்றிலும் நடந்தது உயரத்தின் கோளாறு. அதற்குப் பாட்டரி மருந்தல்ல! பாட்டரியில் ஓடினாலும், ஜெனரேட்டரில் ஓடினாலும், வண்டியின் உச்சி மின் கம்பியைத் தொட்டால் கதி ஒன்றுதான். 11,000 வோல்ட் கம்பியைத் தொடக்கூட வேண்டாம். மிக அருகில் போனாலே பாய்ந்துவிடும். கம்பியைக் கழியால் தூக்கிவிட்டு வண்டியைக் கடத்தும் பழக்கத்தை இன்றோடு விட வேண்டும். ஊர்வலத்தில் பெட்டிகளை அடுக்கும் உயரத்துக்கு ஓர் எல்லை வகுத்து, வண்டி புறப்படுமுன் போலீசாரும் மின் வாரியத்தாரும் அளந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகே அனுமதி கொடுக்க வேண்டும்.

இரவு பத்து மணி

இன்னொரு தவறான எண்ணத்தையும் சொல்ல வேண்டும். "பாட்டரி இருக்கிறது, யாரும் பியூஸைப் பிடுங்க முடியாது, விடிய விடியப் பாட்டுப் போடலாம்" என்று சிலர் நினைக்கிறார்கள்.

அது நடக்காது! 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கக்கூடாது. ஆண்டில் 15 நாட்களுக்கு மேற்படாமல், திருவிழாக்களுக்கு மட்டும் நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு சலுகை தரலாம். மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று சட்டம் கேட்பதில்லை. சத்தம் எவ்வளவு என்றுதான் கேட்கிறது. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். நெஞ்சு வலிக்காரர் இருப்பார். கைக்குழந்தை இருக்கும். நம் வீட்டுச் சந்தோஷம் அவர்களுக்குத் துன்பமாகக் கூடாது.

கம்பத்தில் கொக்கி போடுவதும் விளையாட்டல்ல. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அது மின் திருட்டு. அபராதம் உண்டு, சிறையும் உண்டு. உயிர் பிழைத்தவர்களுக்குத்தான் இந்தத் தண்டனை!

யார் என்ன செய்ய வேண்டும்?

விழா நடத்தும் குடும்பத்தினர் முன்பணம் கொடுக்கும்போதே மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். "கரண்டு போனால் உங்களிடம் என்ன ஏற்பாடு?" "எத்தனை மணி நேரம் தாங்கும்?" "ஒயர் வேலை பார்ப்பவர் தெரிந்தவரா, புதுப் பையனா?" பதில் தெளிவாக இல்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

பாட்டரிக்காகக் கொஞ்சம் கூடக் கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். மேடையில் பூ அலங்காரத்துக்குக் கொடுக்கிறோம். அது மறுநாள் வாடிவிடும். பாதுகாப்புக்குக் கொடுப்பது ஓர் உயிரைக் காப்பாற்றும்.

மைக் செட் உரிமையாளர்கள் தங்களிடம் வேலை பார்க்கும் பையன்களை நினைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். கம்பம் ஏறுவது அவர்கள்; ஈரத்தில் ஒயர் இழுப்பது அவர்கள். விபத்து நடந்தால் முதலில் விழுவதும் அவர்கள்தான். அவர்களுக்கு ரப்பர் செருப்பும் கையுறையும் டெஸ்டரும் வாங்கிக் கொடுங்கள். "கம்பத்தில் கை வைக்காதே, பாட்டு நின்றால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். இந்த ஒரு வார்த்தை போதும். எத்தனையோ தாய்மார்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

மண்டப உரிமையாளர்கள் மேடைக்கென்று தனி இணைப்பும், நல்ல எர்த்தும், மின் கசிவு ஏற்பட்டால் தானே அணையும் சுவிட்சும் வைக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அணையும் சுவிட்ச் கடைகளில் கிடைக்கிறது. மின் வாரியத்தார் தற்காலிக இணைப்பை அலையவிடாமல் கொடுக்க வேண்டும். நேர் வழி எளிதாக இருந்தால் யாரும் குறுக்கு வழியைத் தேடமாட்டார்கள்.

டி.ஜே.காரர்களுக்கும் ஒரு யோசனை. முதலில் கருவி, கடைசியில் ஆம்பிளிபயர் என்று போடுங்கள். நிறுத்தும்போது ஆம்பிளிபயரை முதலில் நிறுத்துங்கள். ஸ்பீக்கர் 'டப்' என்று அடித்துக் கெடாமல் இருக்கும். பாட்டரி பாதிக்கு இறங்கியதும் சத்தத்தைக் குறையுங்கள். சத்தம் குறைந்தால் நேரம் கூடும். பெரியவர்களும் பேசிக்கொள்ள முடியும்!

கரண்டும் போய், பாட்டரியும் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது? கவலை வேண்டாம். நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பாட்டரி தேவையில்லை. மேளக்காரரிடம் ஒரு தட்டு வெற்றிலை பாக்கு வைத்துக் கேளுங்கள். இன்னும் ஒரு மணி நேரம் வாசிப்பார். எத்தனையோ தலைமுறைகளாக நம் கல்யாணங்கள் கரண்டு இல்லாமல் நடந்தவைதானே!

பாட்டரி வாங்குங்கள். கணக்குப் போட்டு வாங்குங்கள். தெரிந்தவர் கையால் இணைப்புக் கொடுங்கள். கம்பத்தின் பக்கம் மட்டும் யாரையும் அனுப்பாதீர்கள்.